தொடியின் ஏழாவது பாட்டு

மகளே,

மலைக்கோட்டை உச்சியில் ஏறி நின்று சத்தியம் செய்யத்தான் நினைத்தேன். முழங்கால் சம்மதிக்கவில்லை. அதனால் கடையிலேயே, கடலைப் புண்ணாக்கு மூட்டை மேல் வலது கையை வைத்துச் சொல்கிறேன்: இந்தக் கடிதத்தில் வரப்போகிற கதையை உலகத்தில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். திண்டுக்கல்லில் நம்ப மாட்டார்கள், நீ இருக்கிற பெங்களூரில் நம்ப மாட்டார்கள், நீ உண்டாக்கி வைத்திருக்கிற அந்தக் காற்றில்லாத நிலாவிலும் நம்ப மாட்டார்கள். நீ ஒருத்தி மட்டும் நம்பியாக வேண்டும். அங்கேதான் சிக்கல். சிறுமலை முன்னொரு காலத்தில் ஊருக்கு அந்தப் பக்கம் இருந்தது, உன் அப்பா ஓட்டி வந்த செவலைக் காளை முட்டி முட்டி இந்தப் பக்கம் தள்ளிவிட்டது என்று உனக்கு நான் சொன்னேன். மூன்றாம் வகுப்பில் நீ அதை எழுந்து நின்று அப்படியே ஒப்பித்து, வாசலில் முட்டி போட்டாய். அன்றைக்கு என்னை நம்புவதை நிறுத்தியவள்தான். சித்தப்பன் வாயைத் திறந்தால் பாதியைக் காற்றில் விட்டுவிட்டு மீதியைச் சந்தேகப்படுவாய். ரொம்ப நல்ல பழக்கம். ஆனால் இன்றைக்கு அது என் கழுத்தைப் பிடிக்கிறது.

போனில் நீ கேட்டது இதுதான்: "சித்தப்பா, ஏழாவது பாட்டைத் தூக்கிரவா? இல்ல, நடுவுல காலியாக் கிடக்குற எடத்தை அடைச்சிரவா? வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் அனுப்பியாகணும்." எழுதி அனுப்புகிறேன் என்றேன். "நீங்க எழுதுனா லாரியிலதான் வரணும்" என்றாய். லாரியிலேயே வரட்டும். உன்னோடு வேலை செய்கிற நாலு பேருக்கும் இதைச் சத்தமாக வாசித்துக் காட்டு. அவர்களுக்கு உன் நிலாவைத் தெரியும், உன் அப்பாவைத் தெரியாது. எனக்கு உன் அப்பாவைத் தெரியும், நிலா இன்னும் பிடிபடவில்லை. ரெண்டு பக்கமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க, நான் தெரிந்துகொண்ட அளவைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்யும் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒரு நிலா வருகிறது. அங்கே காற்று இல்லை, அதனால் சத்தம் இல்லை. ஒரு சுரங்கக் கம்பெனி வைத்ததுதான் சட்டம். தலைக்கவசத்துக்குள் இருக்கும் ரேடியோவில் யார் என்ன பேசினாலும் கம்பெனிக்குக் கேட்டுவிடும். ஆகவே அங்கே பாட்டை வாயால் பாடுவதில்லை. ரெண்டு பேர் ஒரு துணிக்குள் கையை விட்டுக்கொண்டு, ஒருத்தர் விரலில் இன்னொருத்தர் பாடுகிறார். அதில் பேர் பெற்ற பாடகி தொடி. அவளுடைய முதல் ஆல்பம் 'முதல் பிடி', மொத்தம் ஏழு பாட்டு. விளையாடுகிறவர்கள் அதை நிஜமாகவே தொட்டுக் கேட்பதற்கு நீ ஒரு பெட்டியும் செய்திருக்கிறாய். முன்னால் கறுப்புத் துணி தொங்கும். உள்ளே கையை விட்டால் ரப்பர் கட்டைகள் விரல் விரலாக அமுக்கும்.

தொடிக்கு நீ எழுதிய வாழ்க்கை வரலாற்றை ரெண்டு தரம் படித்தேன். அந்த ஆல்பம் வெளிவந்த காலையில் சுரங்கத்துக்குப் போகிறவர்கள் வழியெல்லாம் கை கோத்தபடி நின்றுவிட்டார்கள், தோண்டும் இயந்திரங்கள் ஆளில்லாமல் சும்மா நின்றன என்று எழுதியிருக்கிறாய். நன்றாக இருக்கிறது. நானாக இருந்தால் நிலாவையே கொஞ்ச நேரம் சுற்றாமல் நிறுத்தியிருப்பேன். எனக்குள்ள ஒரே குறை, அவள் நம்ம பக்கத்து ரெட்டியார்சத்திரத்துக்காரி என்பதை மறைத்துவிட்டாய். காற்றே இல்லாத ஊரில் வளர்ந்தவள் என்கிறாய். சித்திரை மாதத்து மதியத்தில் ரெட்டியார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் வந்து நில்லு தாயி, அங்கே எம்புட்டுக் காற்று இருக்கிறதென்று பார்க்கலாம்.

இனி உன் கூட்டாளிகளுக்காக என் அண்ணனைப் பற்றி. அவர் மாட்டுத் தரகர். எங்கள் பக்கத்துச் சந்தையில் மாட்டின் விலையை வாயால் சொல்வதில்லை. தரகரும் எதிராளியும் ஒரு துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்துப் பிடித்தே பேசி முடிப்பார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். அண்ணனின் கை எப்படிப்பட்டது என்றால், கடையில் விற்கிற துண்டுக்குள் அது அடங்காது. சின்னாளபட்டியில் ஒன்பது தறிக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து அவருக்கென்று தனியாக ஒரு துண்டு நெய்தார்கள். மழை வந்தால் சந்தையில் பாதிப் பேர் அதற்கடியில்தான் ஒதுங்குவார்கள். ஒருமுறை கேரளத்து வியாபாரி ஒருத்தரோடு பேச்சு இழுத்துக்கொண்டே போனது. மாடு ஆரம்பிக்கும்போது கன்றுக்குட்டியாக நின்றது, முடிக்கும்போது ரெண்டு ஈத்து ஈன்றிருந்தது. கை அப்படிப் பேசியதாலோ என்னவோ, வாய்க்கு வேலை வைக்க மாட்டார். வீட்டில் நாள் முழுக்க "போறேன்", "வாரேன்", நடுவில் சோற்றுக்கு உட்கார்ந்தால் "வெஞ்சனம் என்ன?" அவ்வளவுதான். உன்னோடு மட்டும் வேறு மாதிரி. பஸ்ஸில் உன்னை மடியில் வைத்து, துண்டை உன் கை மேல் போட்டு, உள்ளே விரல்களை அமுக்கிக்கொண்டே வருவார். "என்னப்பா சொல்றே?" என்று கேட்பாய். "பாட்டு தாயி" என்பார். நானும் ஒருநாள் நடுவே கையை நுழைத்துப் பார்த்தேன். விலையும் இல்லை, ஒன்றும் இல்லை. நிஜமாகவே பாட்டுதான். அன்றைக்கே எனக்குக் கொஞ்சம் பொறாமை. அந்த வயதில் எனக்கு யாரும் அப்படிப் பாடியதில்லை.

அண்ணனிடம் விலை பேசாத பிடி ஒன்று இருந்தது. வேறு எந்தத் தரகரும் அதைச் செய்து நான் கண்டதில்லை, செய்தால் பிழைப்பு ஓடாது. அதைச் சொல்வதற்கு முன்னால் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடு கைமாறினால் விற்றவர் தன் கயிற்றை அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டு போய்விடுவார். வாங்கினவர் தன் கயிற்றைப் போட்டு ஓட்டிப் போவார். கயிறு மாறவில்லை என்றால் மாடு மாறவில்லை. ஒருநாள் ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெரியவர் கறவை மாடு ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். வாங்குகிறவரிடம் பேச்சு முடிந்துவிட்டது. கயிற்றை அவிழ்க்க வேண்டியதுதான் பாக்கி. அண்ணன் பெரியவரிடம் போய் மறுபடியும் துண்டை விரித்தார். துண்டு நாலு தரம் அசைந்தது. பெரியவர் முகம் மாறிப்போயிற்று. "ஏனுங்க தரகரே, வெலை படியலீங்களா?" என்றார். "அதெல்லாம் படிஞ்சிருச்சு. நீங்க ஓட்டிக்கிட்டுப் போங்க" என்று அண்ணன் கயிற்றை எடுத்து அவர் ஆள்காட்டி விரலில் மாட்டிவிட்டார். பெரியவர் போகும்போது மாட்டோடு ஏதோ பேசிக்கொண்டே போனார்.

அப்போது நானும் அவரோடு தரகுக்குப் போய்க்கொண்டிருந்தேன், வழியெல்லாம் சண்டை. "ஏண்ணே, ரெண்டு பக்கமும் சம்மதிச்ச பெறகு தரகனே கெடுத்து விடுறது எந்த ஊருத் தொழில்?" அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "அந்தாளுக்குக் கயிறை அவுக்க மனசு வரல. வாய் சரிங்குது, கை நடுங்குது. துண்டுக்குள்ள எனக்குத் தெரியும்ல" என்றார். "அப்படி என்னதான் பிடிச்சே, எங்கையில பிடிச்சுக் காட்டு" என்றேன். பஸ் ஸ்டாண்டில் நின்றபடி செய்து காட்டினார். என் சுண்டுவிரலை மடக்கினார், மோதிர விரலை மடக்கினார், நடுவிரலை மடக்கினார். ஆள்காட்டி விரலை விட்டுவிட்டார். கட்டைவிரலை மடக்கினார். "அந்த ஒண்ணை ஏண்ணே விட்டே?" என்றேன். "கயிறு மாட்டிக்கிற வெரல்லடா அது" என்றார். விற்க வேண்டாம், உன்னுடையது உன்னோடு இருக்கட்டும் என்பதற்கு அவர் கண்டுபிடித்த பிடி அது. மறுபடியும் சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள்: மூன்று மடங்கும், ஒன்று நிற்கும், கட்டைவிரல் மடங்கும்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் அவருக்குத் தொண்டையில் குழாய் போட்டுவிட்டார்கள். ஏற்கெனவே பேசாத மனுசன், அதற்குப் போய்க் குழாய். நீ கல்லூரியிலிருந்து பையோடு வந்து இறங்கி, போர்வைக்குள் கையை விட்டு உட்கார்ந்தவள் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு வெளியே வந்து படிக்கட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். "எல்லாத்தையும் விட்டுட்டு ஊருக்கே வந்துர்றேன்னு சொன்னேன் சித்தப்பா. சொல்லச் சொல்ல அப்பா வெரலை அமுக்கிக்கிட்டே இருந்துச்சு" என்றாய். எப்படி அமுக்கினார் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அது நரம்பு தன்னால் இழுக்கிற வெட்டு, அப்படித்தான் இருக்கும் என்று நர்சு சொல்லியிருந்தார். நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். நான் என்ன செய்வேன், எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். "வெட்டாவது கிட்டாவது. எங்கூடயும் ஒன்றரை மணி நேரம் வெரல்லயே பேசுனாரு. எமன் வந்துருக்கானாம், இவரு அவனோட வெலை பேசிக்கிட்டு இருக்காராம். எருமையோட பல்லைப் புடிச்சுப் பாத்துட்டு, ஏலே, இந்தக் கெழட்டு எருமையிலயா இம்புட்டுத் தூரம் வந்தேடான்னு கேட்டுருக்காரு. எமனுக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு" என்றேன். நீ சிரித்தாய். அழுதுகொண்டேதான் சிரித்தாய், இருந்தாலும் சிரித்தாய். அடுத்த நாள் பேச்சு எமன் பக்கம் படிந்துவிட்டது.

போன மாதம் நீ பெட்டியைக் கொண்டுவந்து வீட்டு மேசையில் வைத்து, "விளையாட்டே தெரியாத ஆளுங்க தொட்டுட்டு என்ன சொல்றாங்கன்னு பாக்கணும்" என்று வயரைச் செருகிக் காட்டிவிட்டுப் போனாய். விளையாட்டே தெரியாத ஆட்களில் உன் அம்மாதான் இந்த மாவட்டத்திலேயே முதல். பட்டப்பகலில், அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கையை முந்தானையில் துடைத்துவிட்டு, அண்ணி கையை உள்ளே விட்டார். முதல் பாட்டுக்கு, "எறும்பு ஊருற மாதிரி இருக்கு" என்றார். மூன்றாவது பாட்டுக்கு, "இதுக்கா இம்புட்டுப் படிச்சா?" என்றார். ஆறு வரைக்கும் ஏதோ ஒன்று சொல்லிக்கொண்டேதான் இருந்தார். ஏழாவதில் பேச்சு நின்றது. கையை வெளியே எடுத்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த மனுசன் இன்னும் வீட்டுக்கு வரலையாக்கும்" என்று, சந்தைக்குப் போனவர் தாமதமானால் சொல்கிற அதே குரலில் சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் போய்விட்டார். உலைக்கு அரிசி போடும் சத்தம் கேட்டது. அன்றைக்கு ஓர் ஆள் சோறு அதிகம் வடித்திருந்தார்.

பிறகு நான் கையை விட்டேன். சுண்டுவிரலில் ஓர் அமுக்கு. மோதிர விரலில் ஓர் அமுக்கு. நடுவிரலில் ஓர் அமுக்கு. ஆள்காட்டி விரலுக்கு வர வேண்டிய நேரத்தில் ஒன்றும் வரவில்லை, ஆனால் அந்த நேரத்தை அது தாண்டவும் இல்லை, காத்திருந்தது. அப்புறம் கட்டைவிரல். திரும்பவும் முதலிலிருந்து. உன் பெட்டிக்கு அமுக்க மட்டும்தான் தெரியும், மடக்கத் தெரியாது. மடக்குவதற்கு அதில் ஒரு சாமானும் இல்லையென்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆனால் என் விரல்கள் மடங்கின மகளே. ஒவ்வொன்றாக, பஸ் ஸ்டாண்டில் அன்றைக்கு மடங்கிய அதே வரிசையில். ஆள்காட்டி விரல் மட்டும் அந்த இருட்டுத் துணிக்குள், மாடு கட்டாத முளைக்குச்சி மாதிரி தனியாக நின்றது. அதன் மேல் யாரோ எதையோ மாட்டப் போகிறார்கள் என்று நான் பாட்டு முடிந்த பிறகும் கையை எடுக்காமல் நின்றேன்.

வயரைப் பிடுங்கிவிட்டேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை. கடையில் தவிடு அளந்து கொட்டும்போது மூன்று விரல் தானாக மடங்குகிறது. "என்ன அண்ணாச்சி, கையில நரம்பு எதும் பிசகிருச்சா?" என்று கேட்டவர்களிடம், நிலாவிலிருந்து ஒரு பாடகி போனில் கூப்பிடுகிறாள் என்றேன். சிரித்துவிட்டு மூட்டையைத் தூக்கிப் போனார்கள். கையை மறைக்கத் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், நான் மறுபடி தரகுக்கு வந்துவிட்டேன் என்று ஊரில் பேச்சு. ஒருநாள் சந்தைக்கே போய்விட்டேன். எங்கு பார்த்தாலும் துண்டுகள், அசைந்துகொண்டே இருந்தன. உள்ளே இருப்பது ரெண்டு கைதானா, மூன்றாவதாக ஒன்று இருக்கிறதா என்று ஒவ்வொரு துண்டாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சாயங்காலம் திரும்பும்போது, வெயில் இன்னும் இறங்காத நேரத்தில், சிறுமலைக்கு மேலே நிலா வெளுத்துப்போய் நின்றது. பகலில் வருகிற நிலாவைப் பார்த்தால், வந்த இடத்தில் யாரும் கூப்பிடாமல் வாசலில் நிற்கிற ஆளைப் போல இருக்கிறது. அங்கே காற்றில்லை, கூப்பிட்டாலும் கேட்காது என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. பஸ்ஸில் எல்லாரும் பார்க்கக் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, விரலை மடக்கிக் காட்டினேன். கண்டக்டர் திட்டினார்.

போனை வைக்கும் முன் நீ மெதுவாக ஒன்று சொன்னாய். நான் காதில் விழாத மாதிரி இருந்தேன், ஆனால் விழுந்தது. "ஆஸ்பத்திரியில அப்பா போகாதேன்னுதான் சொல்லிருக்கும் சித்தப்பா. நான் போயிட்டேன். அதான் அந்தப் பாட்டைத் தொடுறவங்க எல்லாம் பயப்படுறாங்க." இத்தனை வருஷமாக இதையா கையில் வைத்துக்கொண்டிருந்தாய்? எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று நீ வாயால் சொன்னாய். உன் கை என்ன சொன்னது என்று அவருக்குத்தான் தெரியும். நடுங்கியிருக்கும். அவர் கயிற்றை உன்னிடமே கொடுத்தார். உன்னுடையது எதையும் எங்களுக்காக அவிழ்க்க வேண்டாம் என்றார். அவருக்குத் தெரிந்த ஒரே மொழியில், திரும்பத் திரும்பச் சொன்னார். நீயும் அதன் அர்த்தம் தெரியாமலே, ஒரு விரல்கூடப் பிசகாமல் வாங்கிக்கொண்டு போய், காற்றில்லாத ஒரு ஊரில் ஒரு பெண்ணின் கையில் கொடுத்திருக்கிறாய். பயப்படுகிறவர்கள் பயப்படட்டும், எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதனால் பாட்டைத் தூக்காதே. நடுவில் இருக்கிற காலி இடத்தைப் பெட்டியின் கோளாறு என்று வாங்குகிறவர்கள் நினைப்பார்கள் என்று உன் கூட்டாளிகள் சொல்கிறார்களாம். நினைக்கட்டும். அங்கே ஒரு ரப்பர் கட்டையை அமுக்க விட்டு அடைத்தால் எல்லாருக்கும் சௌகரியமாக இருக்கும், கயிறு மாட்ட இடமிருக்காது.

சத்தியம் செய்து ஆரம்பித்ததை ஒழுங்காக முடிக்கிறேன். சிறுமலையை எந்தக் காளையும் தள்ளவில்லை, அது இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அண்ணனின் துண்டு சின்னாளபட்டிக் கடையில் மற்றவர்கள் வாங்குகிற அதே துண்டு. கேரளத்து வியாபாரியோடு பேச்சு ஒரு டீ குடிக்கிற நேரத்தில் முடிந்தது. ரெட்டியார்சத்திரத்தைக்கூட உனக்காக விட்டுக்கொடுக்கிறேன். எமனின் எருமையை நான் பார்த்ததில்லை, அண்ணன் என்னோடு ஒன்றரை மணி நேரம் பேசவும் இல்லை. நீ டீ வாங்கப் போயிருந்தபோது நானும் போர்வைக்குள் கையை விட்டேன். "அண்ணே, நாந்தான்" என்றேன். அவர் கை ஈரத் துணி மாதிரி கிடந்தது. எவ்வளவு நேரம் பிடித்திருந்தும் ஒரு விரல் அசையவில்லை. என்னோடு பேச அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை. இருந்ததையெல்லாம் உன் கையில் கொடுத்துவிட்டுத்தான் படுத்திருந்தார். ஆகவே இந்தக் கடிதத்தை நீ வழக்கம்போலவே படி, பாதியைக் காற்றில் விட்டுவிடு, மீதியைச் சந்தேகப்படு. ஆனால் மூன்று விரலை மடக்கியவர் நாலாவதை மடக்காமல் விட்டார். அந்தச் சின்ன இடம் மட்டும் நிஜம்.

உன் சித்தப்பன்